'அசர்ஷன்' என்றால் சத்தமா, உரிமையா? ஒரு சொல்லின் வரலாறு



தலித் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் ஆய்வுக் கட்டுரை எதைப் புரட்டினாலும் ஒரு சொல் கண்ணில் படும்: 'அசர்ஷன்'. உத்தரப்பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சி வளர்ந்த கதையைப் பேராசிரியர் சுதா பய் 2002இல் நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பே 'தலித் அசர்ஷன்' என்றுதான் தொடங்குகிறது. சமூகவியல் முதுகலை வகுப்பில் இது ஒரு பாடத்தலைப்பு. நாமும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் படிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை.

அகராதியைப் பார்த்தால் 'வலியுறுத்திக் கூறுதல்', 'உறுதியாகச் சொல்லுதல்', 'அறுதியிட்டுச் சொல்லுதல்' என்று போட்டிருக்கும். பேச்சுவழக்கில் 'அடித்துச் சொல்வது', 'ஆணித்தரமாகப் பேசுவது' என்போம். எல்லாமே வாயோடு சம்பந்தப்பட்டவை. அதனால்தான் இளம் தோழர்கள் பலர், அசர்ஷன் என்றால் மைக்கைப் பிடித்து ஓங்கிப் பேசுவது, முகநூலில் சூடாகப் பதிவு போடுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊரில் அதற்கு இன்னொரு சொல் இருக்கிறது. திமிர். ஆய்வாளர் எதை 'அசர்ஷன்' என்று எழுதுகிறாரோ, அதையே ஊர்த் தெருவில் "காலனிக்காரனுக்குத் திமிர் கூடிப்போச்சு" என்கிறார்கள். ஒரே செயல்தான். கருத்தரங்கில் அதற்கு ஒரு பெயர், டீக்கடையில் வேறு பெயர். இரண்டு பெயருக்கும் நடுவில் நின்று அடி வாங்குவது நம் பிள்ளைகள். எனவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வது நமக்குத் தேவையான வேலை.

ரோமானிய நீதிமன்றத்தில்

ஆங்கிலத்தில் 'அசர்ட்' என்ற வினைச்சொல் புழக்கத்துக்கு வந்து ஏறத்தாழ 400 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதன் வேர் லத்தீன் மொழியில் உள்ள 'அசெரெரே'. 'சேர்த்துக்கொள், தன்பால் இழு' என்பது அதன் நேர்ப்பொருள். உரத்துப் பேசுவதற்கும் அதற்கும் தொடக்கத்தில் சம்பந்தமே இல்லை. அது ரோமானியச் சட்டத்தின் சொல். அதுவும் அடிமைகள் தொடர்பான சட்டத்தின் சொல்.

ரோமில் ஓர் ஆள் அடிமையா, சுதந்திர மனிதரா என்று தகராறு வந்தால் அது வழக்காகும். ஆனால் அடிமை என்று சொல்லப்படுகிறவர் தன் வழக்கைத் தானே நடத்த முடியாது. அடிமைக்குச் சட்டத்தின் முன் குரல் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு பொருள். மாடு தன்னைப் பற்றி வழக்குப் போட முடியாதல்லவா? அப்படித்தான். அவருக்காகச் சுதந்திரக் குடிமகன் ஒருவர் முன்வந்து, நடுவர் முன்னால், எல்லோரும் பார்க்க, அந்த ஆள் மேல் கை வைத்து, "இவர் சுதந்திர மனிதர்" என்று உரிமை கோர வேண்டும். அப்படிக் கோருவதுதான் 'அசெரெரே'. கோருகிறவருக்கு 'அசெர்டோர்' என்று பெயர்.

இந்த வழக்கைப் பற்றி கி.மு. 450 அளவில் எழுதப்பட்ட 'பன்னிரண்டு பலகைகள்' சட்டத்திலேயே ஒரு விதி இருந்ததாகச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதுகிறார். வழக்காடும் இரு தரப்பும் பணயத் தொகை கட்ட வேண்டும். 1,000 செப்புக்காசும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருளுக்கான வழக்கு என்றால் 500 காசு. ஆனால் வழக்கு ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பற்றியது என்றால், சந்தையில் அவர் விலை எவ்வளவாக இருந்தாலும் 50 காசு போதும். அடுத்தவர் சுதந்திரத்துக்காக முன்வருகிறவர் மேல் பாரம் ஏறக்கூடாது என்பதுதான் காரணம்.

இதே சொல் எதிர்ப்பக்கமும் வெட்டும். ஒருவர் மேல் கை வைத்து "இது என் அடிமை" என்று கோருவதற்கும் ரோமானியர்கள் இதே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் வெர்ஜீனியா கதை இதைப் பற்றியது. கி.மு. 449இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற அதிகாரி ஓர் எளிய குடும்பத்துப் பெண் மேல் கண் வைக்கிறான். தன்னை அண்டிப் பிழைக்கும் ஒருவனை ஏவி, அவள் தன் வீட்டு அடிமைக்குப் பிறந்தவள் என்று நடுத்தெருவில் அவள் மேல் கை வைத்துக் கோரச் செய்கிறான். தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருப்பதும் அவனே. வழக்கு முடியும்வரை அந்தப் பெண் சுதந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதையும் மீறுகிறான். கடைசியில் மகளை அவனிடம் விடுவதற்குப் பதில் தகப்பனே அவளைக் கொன்றுவிடுகிறான். ரோம் கொந்தளிக்கிறது. கதை உண்மையா என்று அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். ஆனால் உரிமை கோருகிறவனும் நீதிபதியும் ஒரே பக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அடிமைக்காக இன்னொருவர் வந்து கோர வேண்டும் என்ற இந்த ஏற்பாடு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில்தான் பேரரசர் ஜஸ்டீனியன் அதை நீக்கினார். அதன்பின், தன் சுதந்திரத்தைத் தானே கோரி வழக்காட ஒருவருக்கு வழி பிறந்தது. அடிமைமுறை ஒழியவில்லை. ஆனாலும் பேசும் வாய் மாறியது.

ரோமானிய அடிமைமுறையும் நம் தீண்டாமையும் ஒன்றல்ல. முறைப்படி விடுவிக்கப்பட்ட ரோமானிய அடிமை குடிமகன் ஆக முடிந்தது. சாதியிலிருந்து அப்படி எழுதி வாங்கிக்கொண்டு வெளியேற வழியில்லை. இந்த வேறுபாட்டை அண்ணல் அம்பேத்கரே விரிவாக எழுதியிருக்கிறார். நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். 'அசர்ஷன்' என்ற சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: ஓர் உரிமை, அதன் மேல் வைக்கும் கை, அதைப் பார்க்கும் பொது இடம். சத்தம் அதில் இல்லை. கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது: அந்தக் கை யாருடையது?

1893: ஒரு வண்டி, ஒரு பத்திரிகை

இந்த மூன்றையும் வைத்து நம் வரலாற்றைப் பார்ப்போம். 1893ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, அதில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். புலையர் நடக்கவே தடை இருந்த சாலைகள் அவை. தலைப்பாகையும் வெள்ளை வேட்டியும் கட்டிக்கொண்டு போனார். அன்று அவர் செய்த பேச்சு எதையும் நாம் நினைவில் வைத்திருக்கவில்லை. வண்டியைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். வண்டிச் சக்கரம் சாலை மேல் உருண்டதுதான் அவர் வைத்த கை.

அதே 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லை எங்கள் முகத்தில் வீசினீர்களோ, அதையே எங்கள் தலைப்பாக அச்சடித்து உங்கள் கையில் தருகிறோம் என்பதுதான் அதன் பொருள். அந்த ஆண்டே இன்னொன்றும் நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடந்தால் சாதி இந்துக்களே எல்லா அதிகாரத்திலும் உட்காருவார்கள், அது எங்கள் தலையில் விடியும் என்று சொல்லி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். இந்தியா முழுமைக்கும் நாங்களே பேசுகிறோம் என்று ஒரு கூட்டம் சொன்னபோது, "எங்களுக்கு நாங்கள் பேசுகிறோம்" என்று மூவாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோதும் இதே வேலைதான் நடந்தது. பிறர் எழுதிவைத்த வரலாற்றுக்குப் பதில் தன் வரலாற்றைத் தானே எழுதினார். ஒருவரை அடிமை என்று சொல்வதற்கு முதலில் அவர் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. வெர்ஜீனியா மேல் கை வைத்தவன் சொன்னதும் அப்படி ஒரு பிறப்புக் கதைதான். பண்டிதர் அந்தக் கதையையே எதிர்த்து வழக்காடினார்.

மகாத்: காகிதத்தில் இருந்த உரிமை

பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் 1923 ஆகஸ்டில் நிறைவேறியது. அரசுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்றது அது. 1924இல் மகாத் நகராட்சி தன் ஊரின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924இல் சென்னை மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்றது. காகிதத்தில் உரிமை வந்துவிட்டது. குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை.

1927 மார்ச் 20ஆம் நாள், மாநாட்டுக்கு வந்திருந்த மக்கள் ஊர்வலமாகச் சவுதார் குளத்துக்கு நடந்தார்கள். அண்ணல் குனிந்து தண்ணீர் அள்ளிக் குடித்தார். மக்களும் குடித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். கல் எறியவில்லை, யாரையும் திட்டவில்லை. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில், இவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி. மாநாட்டுக்கு வந்தவர்களைத் தேடித்தேடி அடித்தார்கள். திருப்பி அடிக்க ஆள் இருந்தார்கள், அவர்களில் பட்டாளத்தில் பணியாற்றியவர்களும் உண்டு. அண்ணல் அவர்களைத் தடுத்து, புகார் கொடுக்கச் சொன்னார். பிறகு சாதி இந்துக்கள் குளத்தில் பஞ்சகவ்வியம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த ஆண்டு டிசம்பரில் மக்கள் மறுபடியும் மகாத்தில் கூடினார்கள். அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய், குளம் தனியார் சொத்து என்று சொல்லி இடைக்காலத் தடை வாங்கியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை செல்லத் தயாராக நின்றார்கள். தண்ணீர் எடுக்கும் போராட்டத்தை அண்ணல் தள்ளிவைத்தார். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. வழக்கை அவர் விடவில்லை. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தண்ணீர் குடித்த நாளிலிருந்து தீர்ப்பு வரை பத்து ஆண்டுகள்.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் சாகாவரம் கிடைக்கும் என்று நாம் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற பொருளில் அவர் மகாத்தில் பேசினார். மராத்தியில் பேசிய அந்த உரையை ஆங்கிலத்தில் தருகிறவர்கள் இந்த இடத்தில் 'அசர்ட்' என்ற சொல்லைப் போடுகிறார்கள். தமிழில் 'நிலைநாட்டுதல்' என்பதே இதற்குப் பொருந்துகிறது என்று நாம் கருதுகிறோம். நாட்டுவது என்றால் கம்பத்தை நடுவது போல நடுவது. நட்டதைப் பத்து ஆண்டுகள் சாயாமல் காப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

யாருடைய கை?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ரோமானிய அடிமைக்கு ஓர் 'அசெர்டோர்' தேவைப்பட்டது போல, நமக்காகப் பேச யாரோ ஒருவர் எப்போதும் முன்வந்துகொண்டே இருந்தார். மிஷனரி வந்தார், சீர்திருத்தக்காரர் வந்தார், தேசியத் தலைவர் வந்தார். அவர்களில் நல்ல மனம் உள்ளவர்கள் இருந்தார்கள். அவர்களால் பள்ளிக்கூடங்களும் கிடைத்தன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொருவர் வந்து கோரினால்தான் என் சுதந்திரம் செல்லும் என்றால், கோருவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம் ஆகிவிடுகிறது.

1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சி சொன்னபோதே, தீண்டப்படாதாருக்குத் தீண்டப்படாதாரே பிரதிநிதியாக வேண்டும் என்று அண்ணல் வாதிட்டார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் பிரதிநிதிகளாக உட்கார்ந்தார்கள். 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் காந்தியார், தீண்டப்படாத மக்களின் பெருந்திரளுக்குத் தானே பிரதிநிதி என்றும், அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினால் தானே முதலிடத்தில் வருவேன் என்றும் சொன்னார். எதிரில் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்.

அந்த மாநாட்டு மேசையில் மோதியவை இரண்டு கைகள். ஒன்று, நான் உனக்காகக் கோருகிறேன் என்றது. மற்றொன்று, எனக்காக நானே கோருகிறேன் என்றது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, மாகாணச் சட்டமன்றங்களில் தனித்தொகுதியாக 71 இடங்கள் கொடுத்தது. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆயின. ஆனால் பொது வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் கூட்டுத்தொகுதி. எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் ஆயிற்று. நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் கடைசி வாக்கு மட்டும் நம் கையில் இல்லாமல் போனது. இன்றைக்கும் தனித்தொகுதி உறுப்பினர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கோபப்படும் தோழர்கள், இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

செருப்பும் குடையும்

அதே காலத்தில் நம் மாவட்டங்களில் என்ன நடந்தது? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பின்னாளில் ஜே.எச்.ஹட்டன் அதைப் பதிவு செய்தார், அம்பேத்கரும் எடுத்துக்காட்டியிருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் இருக்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிந்தன, ஆடுமாடுகள் பறிபோயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்று ஆயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

இந்தப் பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். இதில் 'ஓங்கிப் பேசக்கூடாது' என்று ஒரு வரிகூட இல்லை. அவர்களை உறுத்தியது நம் குரல் அல்ல. வெயிலுக்குப் பிடித்த குடையும் முள்ளுக்குப் போட்ட செருப்பும் உறுத்தின. ஓர் ஆள் வாயே திறக்காமல், சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் போதும், அது திமிர். 1957 செப்டம்பரில் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் தன் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக நின்று பேசினார். மறுநாள், செப்டம்பர் 11இல், பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து கறுப்பின மக்கள் விடுதலை பெற்ற அதே 1865இல், மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பர் செய்தால் குற்றம் என்று அது அடுக்கியவற்றில் 'அவமதிக்கும் சைகை, பேச்சு, செயல்' என்பதும் ஒன்று. 10 முதல் 100 டாலர் அபராதம், 30 நாள் வரை சிறை. எது அவமதிப்பு என்று முடிவு செய்கிறவர் யார்? எதிரே நிற்கும் வெள்ளையர். நடைபாதையில் ஒதுங்காமல் நடந்தாலும் அவமதிப்பு என்று ஆகலாம். அப்படி நடப்பவரை 'அப்பிட்டி' என்று வைதார்கள். 'தன் இடம் தெரியாதவன்' என்று அதற்குப் பொருள். நம் 'திமிர் பிடிச்சவன்' என்பதற்கு அண்ணன் முறை.

எனவே திமிர் என்ற குற்றச்சாட்டைக் கேட்டால் நம் இளைஞர்கள் இரண்டு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, "நாம் கொஞ்சம் தணிந்து பேசியிருக்கலாமோ" என்று குன்றிப் போவது. குடையும் செருப்பும் எவ்வளவு தணிந்து பேசின? இரண்டு, "ஆமாம், திமிர்தான்" என்று அதை அணிந்துகொண்டு அதோடு நின்றுவிடுவது. 'திமிறி எழு' என்ற விடுதலைச் சிறுத்தைகளின் முழக்கம் நமக்குத் தெரியும். திமிறுதல் என்றால் பிடித்திருக்கும் கையிலிருந்து உதறி விடுபடுதல். பிடித்திருக்கும் கை இருந்தால்தான் திமிற முடியும். எந்தக் கை, எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டுவதில்தான் வேலை தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு அது முடியாது.

இன்றைக்குச் சட்டம் சொல்வது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் உள்ளது. திருத்தத்தில் சேர்ந்த குற்றங்களின் பட்டியலைப் படித்தால் ராமநாதபுரத்துத் தடைகள் ஞாபகம் வரும். பொதுவழியையும் பொது நீர்நிலையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம். பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணியவிடாமல் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலம் போகவிடாமல் தடுப்பது குற்றம். 1930இல் ஊர்க்கட்டுப்பாடு எதைத் தடை செய்ததோ, அதைத் தடுப்பதை இன்று நாட்டின் சட்டம் குற்றம் என்கிறது. தானாக வந்த மாற்றம் அல்ல. சட்டம் வந்ததால் தெருவும் மாறிவிடவில்லை.

அதே திருத்தத்தில் பிரிவு 15ஏ என்று ஒன்று சேர்ந்தது. இதைப் பற்றி நம் தோழர்களுக்கே போதிய விவரம் தெரியவில்லை. பொதுவாகக் குற்ற வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. கூப்பிட்டால் வர வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். பிரிவு 15ஏ இதை மாற்றுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். ஜாமீன், வழக்கிலிருந்து விடுவிப்பு, தண்டனை ஆகியவற்றில் அவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. வழக்கில் தன் வாயால் தானே பேசலாம். ரோமில் ஆயிரம் ஆண்டு கழித்து நடந்த மாற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உரிமையின் மேல் யாராவது கை வைத்தால்தான் அது உயிர் பெறும். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் நம் மக்கள் கொடுக்கும் மனுக்களைப் பாருங்கள். "ஏழை எளிய மக்களாகிய நாங்கள் தங்கள் பாதம் பணிந்து, கருணை கூர்ந்து, தாழ்மையுடன்..." என்று போகும். சுடுகாட்டுப் பாதை எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, அது புறம்போக்கா, யார் எப்போது வேலி போட்டார், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அது குற்றம் என்ற நான்கு விவரங்கள் இருக்காது. குரலை உயர்த்தாமலேயே இந்த நான்கையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கிப் பாருங்கள். நகலைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்புங்கள். அந்த மனு கெஞ்சல் என்ற நிலையிலிருந்து உரிமைகோரலாக மாறிவிடும். மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட எழுத வேண்டியதில்லை.

எங்கள் தொழிலைப் பற்றியும்

கடைசியாக, சமூகப் பணியாளர்களாகிய எங்களைப் பற்றி. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் நாங்கள்தான் இன்றைய 'அசெர்டோர்'கள். மனு எழுதுவது நாங்கள், அதிகாரியிடம் பேசுவது நாங்கள், பத்திரிகையாளர் கேட்டால் பதில் சொல்வதும் நாங்கள். பாதிக்கப்பட்ட அக்கா பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். இந்த உதவி தேவையில்லை என்று சொல்ல மாட்டோம். கொலை மிரட்டலுக்கு நடுவில் இருக்கும் குடும்பத்திடம் "நீங்களே பேசுங்கள்" என்று விட்டுவிட்டுப் போவது பொறுப்பற்ற செயல். ஆனால் இந்த மாதம் நாங்கள் பேசிய இடத்தில் அடுத்த மாதம் அவர் பேச வேண்டும். அதற்கு என்ன செய்தோம் என்பதுதான் எங்கள் வேலையை அளக்கும் படி. திட்ட அறிக்கையில் 'கம்யூனிட்டி அசர்ஷன்' என்று எழுதி நிதி வாங்கும் நாங்கள், அந்தக் கிராமத்துப் பெண்கள் தாங்களே ஆட்சியர் முன் நின்று பேசினார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மாணவத் தோழர்களுக்கும் இதே கேள்வி உண்டு. கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை நீங்கள். நாளைக்கு உங்கள் தெருவுக்காக நீங்கள் பேசப் போகிறீர்கள். பேசுங்கள். பேசும்போது, எழுதப் படிக்கத் தெரியாத உங்கள் பாட்டியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிராமசபைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை அவர் வாயால் கேட்க வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வி பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த படிப்பு வட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊரில் காகிதத்தில் மட்டும் இருக்கும் உரிமை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பொதுக்கிணறாக இருக்கலாம், சமுதாயக்கூடமாக இருக்கலாம், பஞ்சமி நிலமாக இருக்கலாம். அதற்கான ஆவணத்தின் நகலைக் கொண்டு வாருங்கள். அதன் மேல் யார் கை வைப்பது, எந்த நாளில், யார் முன்னிலையில் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.

ஜெய்பீம்.